லேசரும் நம் நிறமும்

ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் மின்கம்பிகளோடு காலம் தள்ளியவனுக்கு அழகு சிகிச்சையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்தவன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தமக்குத் தாமே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். ஆனால் லேசர் கருவி பவுடர், கிரீம் போல ஓர் அழகுப் பொருள் அல்ல. அது ஆற்றலைச் செலுத்தும் இயந்திரம். எவ்வளவு ஆற்றல், எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது, சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகள் எனக்குப் பழக்கமானவை.

செம்பூர், மாதுங்கா, வாஷி, டோம்பிவிலி என்று நம்மவர்கள் வசிக்கும் எந்தப் பகுதியிலும் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் இரண்டு மூன்று பலகைகள் கண்ணில் படுகின்றன. 'முழு முகம் லேசர், ஆறு சிட்டிங், வலியே இல்லை, நிரந்தரப் பலன்.' நம் அம்மாக்கள் காலத்தில் கஸ்தூரி மஞ்சளோடு முடிந்துபோன விஷயம் இது. இன்று பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மண்டபம், சமையல்காரருக்கு அடுத்தபடியாக லேசருக்கு முன்பணம் கட்டுகிறார்கள். பையன்களும் தாடியைக் கோடு போட்டது போல வைத்துக்கொள்ளப் போகிறார்கள். இன்னொரு பக்கம், நம் வீட்டுப் பெண்கள் சிலர் பன்னிரண்டாவது முடித்து ஒரு குறுகிய காலப் பயிற்சி பெற்று இதே நிலையங்களில் கருவியை இயக்கும் வேலைக்குச் சேர்கிறார்கள். படுத்திருப்பவர், இயக்குபவர் இருவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கறுப்பைத் தேடும் ஒளி

1960 மே 16ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் என்பவர் ஒரு ரூபிக் கல் துண்டைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். நான்கு வருடத்துக்குள் கார்பன் டை ஆக்சைடு லேசர் வந்தது. பருத்தழும்புகளுக்கு இன்றும் பயன்படும் அந்த லேசரைக் கண்டுபிடித்த குமார் படேல், நம் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். இந்த ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அறுபதுகளின் தொடக்கத்திலேயே தோலின் மேல் லேசரைப் பயன்படுத்திப் பார்த்தார். ஆனால் தோல் சிகிச்சைக்கு உறுதியான அடித்தளம் கிடைத்தது 1983ல். ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். ஒளியின் அலைநீளத்தையும் அது பாயும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தால், தோலுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் சுடவைத்துச் சுற்றியுள்ளவற்றை விட்டுவிடலாம் என்பது அதன் சாரம்.

இதற்குச் சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. தாளித்த கடுகு ஒன்றைத் தட்டில் போட்டால் நொடியில் ஆறிவிடும். இரும்பு தோசைக்கல் ஆற வெகு நேரமாகும். தோலின் மேலடுக்கில் நிறம் தரும் மெலனின் துகள்கள் கடுகு மாதிரி. முடியின் வேர்ப்பகுதி தோசைக்கல் மாதிரி. ஆகவே ஒளியை ஒரேயடியாக அடிக்காமல், வினாடியில் நூறில் சில பங்கு நேரத்துக்கு நீட்டிக் கொடுத்தால், மேலே உள்ள சிறு துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தை வெளியேவிட்டுத் தப்பிக்கும். வேர் மட்டும் சூடேறிக் கருகும். முடி நீக்கும் லேசரின் முழு சூட்சுமமும் இதுதான்.

இதில்தான் நம் சங்கடம் ஆரம்பிக்கிறது. முடிக்குக் கறுப்பு தருவது மெலனின். தோலுக்கு மாநிறமும் கறுப்பும் தருவதும் அதே மெலனின். இது முடி, இது கன்னம் என்று ஒளிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 1996ல் ஹார்வர்டு மருத்துவர்கள் ரூபி லேசரால் முடி நீக்கும் முறையை வெளியிட்டபோது அது வெள்ளைத் தோலில் கறுப்பு முடி உள்ளவர்களுக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. நமக்கு அது பொருந்தவில்லை. தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மருத்துவர் 1975ல் வகுத்து, பின்னர் விரிவாக்கப்பட்ட அளவுகோலில் தோல் நிறம் ஆறு வகை. இந்தியர்களில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகை. வெயிலில் வெந்து சிவந்துபோகும் முதலிரண்டு வகைக்கு வைத்த அளவை நமக்கு வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கருவி ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் ஒரே துடிப்பில் 20 ஜூல் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். இது வழக்கமான அளவுதான். தோலின் மேலடுக்கு சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அதன் எடை ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. அந்த 20 ஜூலில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 1 ஜூல், மேலடுக்கிலேயே தங்கிவிட்டால் அது 24 டிகிரி சூடேறும். தோலின் இயல்பான வெப்பம் 33 என்றால் 57 ஆகும். பத்தில் ஒரு பங்கு தங்கிவிட்டால் 48 டிகிரி ஏறி 80ஐத் தாண்டும். முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரிக்குச் சற்று மேலே போனாலே இறுகத் தொடங்குகிறது. இது உத்தேசக் கணக்கு. வெப்பம் பரவுவதையும் குளிர்விப்பதையும் நான் சேர்க்கவில்லை. ஆனால் நிறத்தில் ஏற்படும் மாற்றம் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்பது இதிலிருந்து புரியும். ஒரு வாரம் கோவா கடற்கரையில் இருந்துவிட்டு வந்தால் அதே பெண்ணுக்கு அதே செட்டிங் சரிப்படாது.

தப்பிக்க வழிகள் உண்டு. அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சுவது குறைகிறது. ஒளியும் ஆழமாக இறங்குகிறது. ரூபி 694 நானோமீட்டர், அலெக்சாண்டிரைட் 755, டயோடு 800 முதல் 810 வரை, என்டி யாக் 1064. ஐந்தாம், ஆறாம் வகைத் தோலுக்கு என்டி யாக்தான் பாதுகாப்பானது என்பது மருத்துவர்களிடையே பொதுவான கருத்து. சற்று வலிக்கும், மெல்லிய முடிக்கு அவ்வளவு பலன் இராது. மாநிறத்துக்கு நீண்ட துடிப்பு டயோடு லேசரும் அனுபவமுள்ளவர் கையில் நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டாவது வழி குளிர்விப்பது. கருவியின் முனையில் குளிரூட்டிய நீலக்கல் தகடு, குளிர்காற்று, அல்லது குளிர்த் திரவத்தைப் பீச்சுவது. 'இந்தக் கருவியில் தோலைக் குளிர்விப்பது எது?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் படுக்க வேண்டாம்.

பலகையில் லேசர் என்று எழுதிவிட்டு உள்ளே ஐ.பி.எல். கருவியை வைத்திருப்பவர்களும் உண்டு. கிரிக்கெட் இல்லை. இது ஒரு சக்தி வாய்ந்த மின்னல் விளக்கு. சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை எல்லா அலைநீளங்களும் கலந்த ஒளி. வடிகட்டிக் கண்ணாடி போட்டு ஒரு பகுதியை மட்டும் தடுக்கிறார்கள். சிவந்த தோலுக்கு நல்ல கருவி. நமக்கு இதில் சூட்டுக்காய ஆபத்து அதிகம். இணையத்தில் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவிகளும் பெரும்பாலும் இந்த இனம்தான். அவற்றின் பெட்டியில் தோல் நிற அட்டவணை ஒன்று அச்சிட்டிருக்கும். கறுப்பு நிறத்துக்கு எதிரே பெருக்கல் குறி போட்டிருப்பதைக் கவனித்தபின் காசு கொடுங்கள்.

மூன்றாவது சிட்டிங்

என் நண்பர் ஒருவரின் மகள், வயது 24, வங்கியில் வேலை. தாடையிலும் கன்னத்து ஓரத்திலும் முடி என்று வீட்டுப் பக்கத்து அழகு நிலையம் ஒன்றில் ஆறு சிட்டிங்குக்குப் பணம் கட்டினாள். முதல் இரண்டும் ஒழுங்காக நடந்தன. மூன்றாவது முறை போனபோது வழக்கமான பெண் இல்லை, வேறொருத்தி. இடையில் இவள் அலுவலக நண்பர்களோடு அலிபாக் போய் இரண்டு நாள் வெயிலில் இருந்துவிட்டு வந்திருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை. 'இதுவரை பலன் போதவில்லை' என்று அந்தப் பெண் அளவை உயர்த்தியிருக்கிறாள்.

"வலிக்குதுன்னு ரெண்டு தடவை சொன்னேன் அங்கிள். 'அப்படித்தான் இருக்கும், அப்பதான் முடி போகும், கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னாங்க" என்றாள் என்னிடம்.

மறுநாள் இரண்டு கன்னத்திலும் செங்கல் அடுக்கியது போலச் சதுரம் சதுரமாகச் சிவப்பு. ஒரு வாரத்தில் அந்தச் சிவப்பு கறுப்பாக மாறியது. கருவி முனையின் வடிவம் அப்படியே பதிந்துவிட்டது. தோல் மருத்துவர் பார்த்து, மருந்து கொடுத்து, அது மங்கி மறையப் பத்து மாதம் ஆயிற்று. அந்தப் பத்து மாதமும் அவள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டுதான் லோக்கல் ரயிலில் ஏறினாள். பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பத்தை நண்பரே ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார்.

நண்பர் நியாயம் கேட்கப் போனபோது நானும் உடன் போனேன். அவர் கோபத்தில் பேசிக்கொண்டிருக்க, பழக்க தோஷம், நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஐ.பி.எல். கருவி. கடைசியாக அளவு சரிபார்த்த தேதி எங்கும் ஒட்டப்படவில்லை. யாருக்கு என்று, எந்த அளவில், எத்தனை துடிப்பு கொடுத்தார்கள் என்ற பதிவேடு இல்லை. மேஜையில் ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. அதில் அலைநீளம் எதுவும் அச்சிடப்படவில்லை. சுவர் மூன்றிலும் ஆளுயர நிலைக்கண்ணாடி. உரிமையாளர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'உங்கள் பெண் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பாருங்கள்.'

எங்கள் வேலையில் 25,000 வோல்ட் கம்பியில் கை வைப்பதற்கு முன் ஒரு முறை உண்டு. மின்சாரத்தை நிறுத்தியதாக வாயால் சொன்னால் போதாது. எண் போட்ட பெர்மிட் கையில் வர வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் டிஸ்சார்ஜ் ராடு மாட்டிக் கம்பியைத் தரையோடு இணைக்க வேண்டும். வேலை முடிந்து ஆட்கள் எல்லாரும் இறங்கியபின் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி மின்சாரம். 2016ல் ஹார்பர் லைன் 1,500 வோல்ட் டி.சி.யிலிருந்து ஏ.சி.க்கு மாறும்வரை, மும்பையில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிய காலத்தில், இந்த முறை எத்தனை பேரை வீட்டுக்குப் பத்திரமாக அனுப்பியது என்பது எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பதுதான் அதன் உயிர். நேற்று நிறுத்திய மின்சாரம் இன்றைக்குச் செல்லாது. அதுபோலத்தான் லேசரிலும் ஒவ்வொரு சிட்டிங்கிலும் கேட்க வேண்டும்: போன முறைக்குப் பிறகு வெயிலில் போனீர்களா, புதிய மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, போன தடவை கொப்புளம் வந்ததா, கர்ப்பமாக இருக்கிறீர்களா?

மாத்திரை விஷயத்தில் ஒரு வார்த்தை. பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் வெயிலையே தோலுக்கு ஆகாமல் செய்யக்கூடியது. மூட்டுவாதத்துக்கு ஒரு காலத்தில் தங்க ஊசி போட்டவர்களுக்கு, நிறப்புள்ளிகளை நீக்கும் அதிவேகத் துடிப்பு லேசர் பட்டால் அந்த இடம் நீலச்சாம்பலாக மாறிவிடுவது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லுங்கள், தேவையா இல்லையா என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

கண்ணும் கண்ணாடியும்

தோல் காயம் பத்து மாதத்தில் ஆறலாம். கண் அப்படியல்ல. வெல்டிங் பார்த்துவிட்டு இரவெல்லாம் கண்ணில் மணல் விழுந்தது போல எரிந்து, இரண்டு நாளில் சரியாகிப்போனவர்களை எங்கள் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அது கண்ணின் முன்பக்கக் காயம். லேசர் ஒளி கண்ணுக்குள் புகுந்து விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. குவியும்போது அதன் செறிவு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. அங்கே கருகியது திரும்ப முளைக்காது. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது. ஆகவே இமை கொட்டித் தப்பிக்கவும் வழியில்லை. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை லேசர் வகைப்பாட்டில் நான்காம் வகை, அதாவது உச்ச ஆபத்து வகை. நேராகப் பட வேண்டும் என்பதில்லை, பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பினாலே போதும்.

அழகு நிலையம் என்றாலே சுவரெங்கும் நிலைக்கண்ணாடிதான். லேசரை இயக்க இதைவிடத் தகாத அறையை வேண்டுமென்று கட்டினாலும் கட்ட முடியாது. நல்ல கிளினிக்கில் லேசர் அறை தனியாக இருக்கும், கண்ணாடி இராது, அல்லது திரை போட்டு மூடியிருப்பார்கள். கதவில் எச்சரிக்கைப் பலகை தொங்கும், கதவு உள்ளே பூட்டியிருக்கும். மூக்குத்தி, தோடு, செயின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். கூட வந்த அம்மா உள்ளே உட்கார வேண்டுமானால் அவருக்கும் கண்ணாடி.

அந்தப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த அலைநீளத்துக்கு, எத்தனை அடர்த்தி என்று சட்டத்திலோ வில்லையிலோ அச்சிட்டிருக்க வேண்டும். அடர்த்தி 5 என்றால் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும். பச்சை லேசருக்கான ஆரஞ்சு நிறக் கண்ணாடி 1064க்கு உதவும் என்று நம்ப முடியாது. வெயில் கண்ணாடி எதற்கும் உதவாது. படுத்திருப்பவருக்கு, குறிப்பாக முகத்துக்கு, ஒளி புகாத உலோக மூடி நல்லது.

கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இமை மெல்லிய தோல், ஒளி ஊடுருவும். மேலும் கண்ணை மூடும்போது விழி மேல்நோக்கிச் சுழல்கிறது; அதாவது கருவிழிப்படலம் புருவத்தை நோக்கி வருகிறது. புருவத்தைத் திருத்த லேசர் வைத்துக்கொண்டு, பாவையின் வடிவமே கோணலாகிப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். கண்குழியின் எலும்பு விளிம்புக்குள் லேசர் கூடாது. புருவத்துக்கு நூல்தான். த்ரெடிங் செய்யும் பெண்ணுக்கு நாற்பது ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வரலாம்.

வலியே இல்லாமல் செய்கிறோம் என்பது விளம்பரத்தில் வரும் இன்னொரு வாசகம். வலி ஒரு சிக்னல். மரத்துப்போகச் செய்யும் கிரீமை அதிகமாகத் தடவிவிட்டால் அந்தச் சிக்னலை அணைத்துவிடுகிறோம். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 22, 25 வயதான இரண்டு பெண்கள், முடி நீக்கும் லேசருக்குப் போகுமுன் இரண்டு கால்களிலும் இந்த வகைக் கிரீமைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டார்கள். மருந்து தோல் வழியாக ரத்தத்தில் ஏறி, வலிப்பு கண்டு, நினைவிழந்து, இருவரும் இறந்தார்கள். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2007ல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே கிரீம் வேண்டுமானால் சிறிய இடத்துக்கு, குறைந்த அளவு, டாக்டர் சொன்ன நேரம் மட்டும். வீட்டிலிருந்தே பூசிக்கொண்டு, மேலே தாள் சுற்றிக்கொண்டு போகக் கூடாது.

கல்யாணத்துக்கு எத்தனை மாதம் முன்பு?

முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருக்கும்போது லேசருக்கு ஓடுவதில் பயனில்லை, அபாயம் மட்டுமே. வளர்ந்துகொண்டிருக்கும் கட்டத்தில் உள்ள முடியைத்தான் லேசர் தாக்கும். மற்றவை உறக்கத்தில் இருக்கும். அதனால்தான் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு, எட்டு சிட்டிங் தேவைப்படுகிறது. கணக்குப் பார்த்தால் எட்டு, பத்து மாதம். இடையில் வேக்ஸிங், த்ரெடிங் கூடாது. வேரைப் பிடுங்கிவிட்டால் ஒளிக்கு இலக்கே இல்லை. மழித்துக்கொள்ளலாம். நரைத்த முடியில் மெலனின் இல்லை, எனவே என் வயதுக்காரர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். நிரந்தரமாக நீங்கும் என்பதும் சரியல்ல. நிரந்தரமாகக் குறையும் என்பதுதான் அமெரிக்க நிர்வாகம் அனுமதித்துள்ள வாசகம்.

நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று: தெற்காசிய, மத்தியக் கிழக்கு நாட்டுப் பெண்களில் சிலருக்கு, முகத்தில் லேசர் வைத்தபின் முடி குறையாமல் சுற்றுப்புறத்தில் அதிகமாக முளைப்பது உண்டு. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களிடம் இதை அதிகம் கண்டிருக்கிறார்கள். முகத்தில் திடீரென முடி வளர்ந்தால் முதலில் டாக்டரிடம் போய் ஹார்மோன் சோதனை. லேசர் அதற்குப் பிறகு.

கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்கும் ஒரு சொல். மங்குக்கு லேசர் முதல் மருந்து அல்ல. சில மாதம் மறைந்து, முன்னைவிடக் கறுப்பாகத் திரும்ப வருவது நம் நிறத்தில் சகஜம். வெயில் தடுப்புக் களிம்பும் டாக்டர் எழுதிய பூச்சும்தான் அடிப்படை. மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த வெண்மைக் கிரீம்களை மாதக்கணக்கில் தடவி மெலிந்துபோன முகத்தில் லேசர் வைப்பது இன்னும் மோசம். மச்சத்தையும் டாக்டர் பார்க்காமல் சுடக்கூடாது. அபூர்வமாக அது புற்றாக இருக்கக்கூடும், மேலே சுட்டுவிட்டால் அடையாளம் மறைந்துவிடும்.

பாட்டிமார் குத்திக்கொண்ட பச்சை பெரும்பாலும் கரி. அதிவேகத் துடிப்பு 1064 லேசருக்கு அது ஓரளவு நன்றாகவே கட்டுப்படும். இக்காலத்தில் உதட்டிலும் புருவத்திலும் தோல் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ குத்திக்கொள்கிறார்களே, அதில் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இருக்கும். அந்த லேசர் பட்டதும் அவை கருத்துப்போகும். உதட்டில் போட்ட இளஞ்சிவப்பு, நிமிஷத்தில் கறுப்பு உதடாகிவிடும்.

யார் கையில் சுவிட்ச்?

எக்ஸ்ரே இயந்திரம் வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். லேசர் அயனியாக்கும் கதிர் அல்ல. ஆகவே அந்த வாரியத்தின் எல்லைக்குள் வராது. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆனால் எஞ்சினுக்குத் தகுதிச் சான்று இருப்பது வேறு, ஓட்டுபவருக்கு இருப்பது வேறு. தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி., டி.என்.பி. அல்லது டிப்ளமா, மருத்துவ கவுன்சில் பதிவு எண் கேட்டால் சொல்வார், நீங்கள் சரிபார்க்கலாம். 'காஸ்மெடாலஜிஸ்ட்' என்ற பட்டம் அப்படியல்ல. சில வாரப் பயிற்சியிலும் கிடைக்கிறது.

அமெரிக்காவில் 2004 முதல் 2012 வரை லேசர் முடி நீக்கம் தொடர்பாக நடந்த வழக்குகளை ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தச் சிகிச்சையில் மூன்றில் ஒரு பங்குதான் மருத்துவர் அல்லாதவர்கள் செய்தது. வழக்குகளிலோ நான்கில் மூன்று அவர்கள் செய்த சிகிச்சையைப் பற்றியவை. டெக்னீஷியன் கையால் செய்யவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ரயிலை ஓடவைப்பவர்கள் டெக்னீஷியன்கள்தான். முதல் முறை டாக்டர் பார்த்து, அளவை எழுதி, அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். முதலில் காதின் பின்புறமோ தாடையின் அடியிலோ ஒரு சிறு இடத்தில் சோதனைத் துடிப்பு கொடுத்து, குறைந்தது இரண்டு நாளாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். நம் நிறத்தில் பாதிப்பு மெதுவாகத்தான் தெரியும். 'இன்றே ஆரம்பித்தால் தள்ளுபடி' என்பவரிடம் இதற்கு நேரம் இராது.

இந்த வேலையில் இருக்கும் நம் பெண்களுக்கு. துடிப்பு கொடுத்த சில நிமிஷத்தில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு புடைப்பும் சிவப்பும் வந்தால் சரி. தோல் வெளிறினாலோ சாம்பல் நிறமானாலோ உடனே நிறுத்துங்கள். பாக்கியுள்ள துடிப்புகளை அன்றைக்கு மறந்துவிடுங்கள். முனையில் ஒட்டிய முடி அங்கேயே கருகி அடுத்தவரின் தோலைச் சுடும், அடிக்கடி துடையுங்கள். ஸ்பிரிட் தடவினால் முழுதும் உலரும்வரை பொறுங்கள், தீப்பிடிக்கும். கருவியை யாரையும் நோக்கிக் காட்டாதீர்கள், இடைவேளையில் தயார் நிலையில் விட்டுவைக்காதீர்கள், சாவியை எடுத்துவிடுங்கள். கருகும் முடியின் புகையை நாற்றம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2016ல் வெளியான ஓர் ஆய்வில் அந்தப் புகையில் 377 வேதிப்பொருள்கள் இருந்தன; அவற்றில் 13 புற்றுநோய் உண்டாக்குபவை அல்லது அப்படிச் சந்தேகிக்கப்படுபவை. படுத்திருப்பவர் வருடத்தில் ஆறு முறை அதை முகர்கிறார். நீங்கள் நாள் முழுக்க முகர்கிறீர்கள். புகை உறிஞ்சியும் நல்ல முகக்கவசமும், உங்கள் பெயருக்கென்று ஒரு கண்ணாடியும் முதலாளியிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எங்கள் டிப்போவில் ஹெல்மெட் கேட்ட கலாசியை யாரும் அதிகப்பிரசங்கி என்று சொன்னதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு சூட்டுக்காயம் ஏற்பட்டுவிட்டால், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்து ஆற்றுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் அன்றைக்கே தோல் மருத்துவரிடம் போங்கள். கருமை படிவதைத் தடுக்க முதல் சில நாட்கள் முக்கியம். பக்கு கட்டினால் உரிக்காமல், வெயில் படாமல் காக்க வேண்டும்.

அன்றே நல்ல வெளிச்சத்தில், தேதி தெரியும்படி, புகைப்படம் எடுத்து வையுங்கள். ரசீது, கையெழுத்திட்ட படிவத்தின் நகல், கருவியின் பெயர், இயக்கியவர் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். என் நண்பரிடம் ரசீது ஒன்றுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதால் உரிமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். கவனக்குறைவுக்கு அந்தத் தாள் மன்னிப்பு ஆகாது. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே வாதாடலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். நண்பர் மனுவை நானும் அவருமாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம், விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.